நாற்பதில் நிற்கும் தண்ணீர்

செப்டம்பர் 24, செவ்வாய்

கணக்கு முதல் இன்டர்னல் விடைத்தாளைக் கொடுத்துவிட்டார்கள். ஐம்பதுக்குப் பதினொன்று. சிவில் முதலாண்டில் அறுபத்திரண்டு பேர் இருக்கிறோம். என்னைவிடக் குறைவாக வாங்கியவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் பரீட்சைக்கே வரவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில், விளாத்திகுளம் அரசுப் பள்ளியில், கணக்கில் தொண்ணூற்றிரண்டு எடுத்தவள் நான். அங்கே வகைக்கெழு என்றார்கள், இங்கே டெரிவேட்டிவ் என்கிறார்கள். பெயர் மட்டும்தான் வேறு என்று முதல் வாரம் நினைத்தேன். அங்கே எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள், செய்தேன். இங்கே அருள்மணி சார் பலகையில் ஒரு வளைகோட்டை வரைகிறார். அதன்மேல் இரண்டு புள்ளி வைக்கிறார். ஒன்றை மற்றதன் பக்கம் நகர்த்திக்கொண்டே போகிறார். சேர்ந்துவிட்டால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும். சேராவிட்டால் விடை கிடைக்காது.

இன்று எழுந்து கேட்டேன். "சார், அது கடைசியில சேருதா, சேரலையா?"

வகுப்பே சிரித்தது. "லிமிட்ல சேரும்" என்றார் சார். அது பதிலா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹாஸ்டலில் இன்றும் மாலை ஐந்தரைக்கே தண்ணீர் நின்று குழாய் காற்று ஊதியது. துணிக்கு சோப்புப் போட்டிருந்தேன். அலசவில்லை. அப்படியே பக்கெட்டில் கிடக்கிறது.

அம்மா கூப்பிட்டாள். மார்க் இன்னும் வரவில்லை என்றேன்.

செப்டம்பர் 26, வியாழன்

எங்கள் ஹாஸ்டல் ஏ பிளாக்கில் எல்லாரும் கொதித்துப்போய் இருக்கிறார்கள். மாலை வகுப்பு முடிந்து வந்தால் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். மொட்டை மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவது சண்முகக்கனி என்ற அக்கா. காலை ஐந்தரைக்குப் போடுகிறார், ஒன்பது மணிக்கு நிறுத்திவிட்டு மற்ற கட்டடங்களைப் பெருக்கப் போகிறார். முழுதாக நிறைப்பதே இல்லை, பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார் என்று மூன்றாம் மாடி அக்காக்கள் சொல்கிறார்கள்.

கல்லூரி முதல்வருக்கு மனு எழுதுவது என்று முடிவானது. யார் எழுதுவது என்றதும் என் அறைத் தோழி ஆன்ஸி என்னைப் பிடித்துத் தள்ளினாள். "சுடரு எழுதட்டும். தமிழ் மீடியம், கையெழுத்தப் பாத்தியளா, அச்சடிச்ச மாதிரி இருக்கும்."

எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. 'மேற்படி பணியாளர் தமது கடமையில் தொடர்ந்து அலட்சியம் காட்டி வருகிறார்' என்ற வரியை இரண்டு பேர் சத்தமாகப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். எண்பத்து நான்கு கையெழுத்து.

இங்கே வந்து நான் எழுதிய ஒன்றை யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 28, சனி

காலையில் வார்டன் ஃபிளாரன்ஸ் மேடம் அறை வாசலில் கனியக்கா நின்றுகொண்டிருந்தார். நான் வெளியே செல்வதற்குக் கையெழுத்துப் போட வரிசையில் நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"தொட்டியில தொங்குத அளவுத் தகடு கீழ வந்து முட்டுத வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் மேடம் நிப்பாட்டுதேன். தண்ணி எங்க போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நிறைச்சா இருக்கணும்ல?"

"நெறச்சேன் மேடம்."

"எண்பத்து நாலு பேர் பொய் சொல்றாங்களா?"

கனியக்கா திரும்பிப் படியிறங்கினார். வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்தவர்கள் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

மனு எழுதியவர் என்று தனியாக யாரும் கிடையாது. எண்பத்து நான்கு பேர்.

செப்டம்பர் 30, திங்கள்

புது ஆள் வந்துவிட்டார். செல்லப்பா அண்ணன். மாலை ஏழு மணி வரை தண்ணீர் வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

அக்டோபர் 4, வெள்ளி

இன்று மறுபடியும் ஐந்தரைக்கு நின்றது. விசாரித்ததில், முதல் மூன்று நாள் செல்லப்பா அண்ணன் மதியம் மூன்று மணிக்கும் ஒருமுறை மோட்டார் போட்டிருக்கிறார். ஆழ்துளைக் கிணறு தாங்காது என்று அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அதனால் பழையபடி காலையில் மட்டும்.

வார்டன் மேடம் மெஸ்ஸில் எல்லாரையும் நிறுத்திப் பேசினார். "ஆளை மாத்தியாச்சு. இனி குத்தம் உங்க பேர்லதான். திங்கள்லருந்து ஆளுக்கு ரெண்டு பக்கெட்."

"இவரும் அதே மாதிரிதான் போல" என்று மூன்றாம் மாடியில் பேசிக்கொள்கிறார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் இருக்கிறது. எங்கள் வகுப்பறை கல்லூரிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், எதிரே ஏ பிளாக் மொட்டை மாடி. தொட்டியின் வெளிச்சுவரில் ஒரு நீளப் பலகை உண்டு. அதில் ஒரு தகரத் தகடு கயிற்றில் தொங்குகிறது. கயிற்றின் மறுமுனையில், தொட்டிக்குள், ஒரு மிதவை. தண்ணீர் ஏற ஏறத் தகடு இறங்கும், தண்ணீர் இறங்க இறங்கத் தகடு ஏறும். நிறைந்தால் தகடு அடியில், 200 என்ற எண்ணில் நிற்கும். அதாவது இருநூறு சென்டிமீட்டர் தண்ணீர்.

இன்று ஒன்பது மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தகடு 200இல் இருந்தது. செல்லப்பா அண்ணன் நிறைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

எட்டே முக்காலுக்கு ஹாஸ்டலைப் பூட்டிவிடுவார்கள். நாலேகாலுக்குத்தான் திறப்பார்கள். உள்ளே ஒருவரும் இல்லை. அப்படியானால் யார் குளிக்கிறார்கள்?

அக்டோபர் 7, திங்கள்

ஜன்னல் ஓரத்து இடத்துக்கு மாறிவிட்டேன். அங்கே வெயில் அடிக்கும், யாரும் உட்கார மாட்டார்கள். தொட்டிப் பலகையில் பத்துப் பத்தாக எழுதியிருக்கிறது. நடுவில் இருப்பதைக் கண்ணால் கணித்து, கணக்கு நோட்டின் ஓரத்தில் மணிக்கு ஒரு தடவை குறித்தேன்.

9 மணி - 200
10 - 176
11 - 153
12 - 133
1 - 115
2 - 98
3 - 84
4 - 72

யாரும் இல்லாத கட்டடத்தில் ஏழு மணி நேரத்தில் நூற்றிருபத்தெட்டு சென்டிமீட்டர் தண்ணீர் போயிருக்கிறது.

மதியம் கணக்கு வகுப்பில் மாட்டிக்கொண்டேன். "அந்தப் பொண்ணு. வெளியே அப்படி என்ன இருக்கு?"

"தண்ணி இறங்குது சார்."

மறுபடி சிரிப்பு. மீதி வகுப்பு முழுவதும் நின்றுகொண்டிருந்தேன். நின்றால் தகடு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்றும் குறித்தேன். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே, அதே எண்கள்தான். தினமும் ஒரே மாதிரி. மனிதர்கள் தினமும் ஒரே மாதிரி தண்ணீர் செலவழிக்க மாட்டார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு இறங்கியது என்று கழித்துப் பார்த்தேன். 24, 23, 20, 18, 17, 14, 12.

முதலில் இது சாதாரணமாகத்தான் தெரிந்தது. துணி காயப்போடும்போது திரும்ப மனதில் ஓடியது. இருபத்து நான்கில் தொடங்கி, பன்னிரண்டில் முடிகிறது. இடையில் மணிக்கு ஏறக்குறைய இரண்டு இரண்டாகக் குறைகிறது. தண்ணீர் இறங்குகிறது, அந்த இறங்கும் வேகமும் இறங்குகிறது.

கையில் ஈரத் துணியோடு சற்று நேரம் நின்றேன். அருள்மணி சார் பலகையில் dy/dx என்று எழுதுவது இதைத்தான். இரண்டாம் தடவை வகையிடுவது என்பது இந்த இரண்டுதான். இரண்டு வருடமாகப் போட்டுவரும் கணக்கு. இது எதைப் பற்றியது என்று யாரையும் கேட்கத் தோன்றியதில்லை.

அக்டோபர் 9, புதன்

ஆன்ஸியிடம் நோட்டைக் காட்டினேன். குளச்சல் பெண். அப்பா படகு வைத்திருக்கிறார். கணக்கில் நாற்பத்தேழு.

"ஏதோ பாத்ரூம்ல குழாய் தொறந்து கெடக்கு மக்கா. அவ்ளோதான்" என்றாள்.

"தொறந்து கெடந்தா இப்படியா இறங்கும்?"

"வேற எப்படி?"

அதுதான் கேள்வி. அவள் கணக்கைக் கேட்டால் போதும், உட்கார்ந்துவிடுவாள். ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியேறும் வேகம், ஓட்டைக்கு மேலே எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறதோ அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் இருந்ததுதான். தரைத்தளக் குழாய் திறந்து கிடந்தால், தொட்டி அதற்குப் பன்னிரண்டு மீட்டர் மேலே இருக்கிறது. தொட்டியில் ஒன்றேகால் மீட்டர் குறைந்தால் கீழே இருக்கும் குழாய்க்குப் பெரிதாகத் தெரியாது. அது காலையும் மாலையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் ஓடும். மேல்மாடிக் குழாயாக இருந்தாலும் 24 என்பது 20 ஆகலாம், பாதியாகக் குறையாது.

"அப்போ குழாய் இல்ல" என்றாள் ஆன்ஸி மெதுவாக. "ஓட்டை மேலதான் இருக்கு. தொட்டியிலயே."

"தொட்டி ஒழுகுனா செவுரு நனையணும். காஞ்சு கெடக்கு."

இரண்டு பக்கெட்டில் மிச்சம் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றினோம். காம்பஸ் முனையால் பாட்டிலின் பக்கவாட்டில், அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில், ஒரு துளை போட்டேன். தண்ணீர் முதலில் எட்டிப் பாய்ந்து சுவரில் அடித்தது. பிறகு தரைக்கு வந்தது. பிறகு பாட்டிலின் காலடிக்கே வந்தது. பிறகு பாட்டிலை ஒட்டி வழிந்து, சொட்டி, நின்றது.

துளைக்குக் கீழே நான்கு விரல் தண்ணீர் அசையாமல் அப்படியே இருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் நோட்டை எடுத்தோம். மணிக்கு இரண்டிரண்டாகக் குறைந்தால் நான்கு மணிக்குப் பிறகு 10, 8, 6, 4, 2. அதற்குப் பிறகு இறங்க எதுவும் இல்லை. கூட்டினால் முப்பது. எழுபத்திரண்டில் முப்பது போனால் நாற்பத்திரண்டு. ஆன்ஸி சமன்பாடு எழுதி, இன்டெக்ரேட் செய்து, நாற்பது என்றாள்.

நாற்பதில் தண்ணீர் நின்றுவிட வேண்டும். ஓட்டை அங்கேதான். ஆனால் நாலேகாலுக்கு ஹாஸ்டல் திறந்து எல்லாரும் தண்ணீர் பிடிக்க வந்துவிடுகிறார்களே. அது நாற்பதில் நிற்குமா என்பதைப் பார்க்க வழியே இல்லை.

"உனக்கு ஏன் இதுல இவ்வளவு?" என்று கேட்டாள் ஆன்ஸி.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றேன். அதுதான் காரணம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. பேருந்தில் கூட்டமாக இருக்கும். தவிர, போனால் அப்பா மார்க்கைக் கேட்பார்.

மிச்சம் இருக்கும் ஆறு பேரையும் பி பிளாக்குக்கு மாற்றிவிட்டு ஏ பிளாக்கைப் பூட்டிவிட்டார்கள். செல்லப்பா அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அண்ணே, லீவுக்குப் போறதுக்கு முன்னாடி ஏ பிளாக் தொட்டிய ஒரு தடவ நெறச்சிட்டுப் போறீங்களா?"

"ஆளில்லாத கட்டடத்துக்கு எதுக்கு தங்கச்சி?"

"ஒரு கணக்கு இருக்கு."

கணக்கு என்றதும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒன்பது மணிக்குத் தகடு 200.

அக்டோபர் 12, சனி

காலை ஆறு மணி: 40.
ஏழு: 40.
பத்து: 40.
மதியம் ஒன்று: 40.

பி பிளாக் மாடியில் வெயிலில் உட்கார்ந்து ஒரு அசையாத தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. நான் பார்க்காத ஒன்றை, பார்க்க முடியாத இடத்தில் இருப்பதை, ஒரு நோட்டு ஓரத்தில் எழுதிய எட்டு எண்கள் சொல்லிவிட்டன.

ஆனால் அந்த நாற்பதில் என்ன இருக்கிறது? சுவர் நனையவில்லை. தண்ணீர் எங்கே போகிறது? தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? செல்லப்பா அண்ணன் உள்ளே இறங்கியதில்லை. இறங்கிக் கழுவியது கனியக்காதான்.

அக்டோபர் 13, ஞாயிறு

கல்லூரிக்குப் பின்னால் ரயில்வே கேட்டைத் தாண்டி கனியக்கா வீடு. வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மடியில் முறம். ஏழெட்டு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து இலை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஹாஸ்டல் பிள்ளையா? என்ன இவ்வளவு தூரம்?"

தொட்டிக்குள்ளே அடியிலிருந்து நாற்பது சென்டிமீட்டரில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். நாற்பது என்றால் எவ்வளவு என்றார். கையை வைத்துக் காட்டினேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "ரெண்டு சாணுக்குக் கொஞ்சம் கொறவா. அங்க ஒரு ஜாயிண்டு உண்டு. தொட்டி நடுவுல ஒரு இரும்புக் குழாய் நட்டுக்க நிக்கும் பாத்துக்க, உச்சி வரைக்கும். தண்ணி நெறஞ்சு வழிஞ்சா அதுக்குள்ள விழுந்து கீழ ஓடைக்குப் போயிரும். ரெண்டு குழாயச் சேத்து ஒட்டுன எடம் அதுதான். கழுவும்போது துரு கைல அப்பும்."

"ஓடை எங்க இருக்குக்கா?"

"மண்ணுக்கு அடில. மேல சிலாப் போட்டு மூடியிருக்கு. யாரு கண்ணுக்கும் தெரியாது."

அந்த ஒட்டில் ஓட்டை விழுந்திருந்தால், தொட்டித் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் புகுந்து, சுவரை நனைக்காமல், சத்தமில்லாமல், ஓடைக்குப் போய்விடும். அவருக்கும் அது புரிந்துவிட்டது.

"அப்போ நான் நெறச்சது நெசந்தான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு சொன்னார்: "ஆபீஸ்ல மேனேஜரு அந்த மனுவ வாசிச்சுக் காட்டுனாரு பிள்ள. அலட்சியம்னு எழுதியிருந்துச்சு. இவளும் என்கூட நின்னா. வர்ற வழியெல்லாம் கேக்கா, அலட்சியம்னா என்னம்மான்னு. நல்லாப் படிச்ச கைதான் எழுதியிருக்கணும். எனக்குக் கோவம் இல்ல. எழுதுனவ ஒரு நாள், ஒரே நாள், ஒன்பது மணிக்கு வந்து தகடப் பாத்திருக்கலாம்."

வெயில் ஏறிவிட்டது. வருகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறு எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

தலைவலி. வகுப்புக்குப் போகவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

வார்டன் மேடத்திடம் சொன்னேன். கட்டடப் பராமரிப்பு சூப்பர்வைசரிடம் அனுப்பினார். அவர் நோட்டைத் திறக்கவே இல்லை. "தொட்டிய வடிச்சு ஆள இறக்கணும்னா ஒரு நாள் தண்ணி கெடையாது. ஒரு ஃபர்ஸ்ட் இயர் பிள்ள சொல்லுதுன்னு எறக்க முடியுமா?"

ஆன்ஸிதான் என்னை அருள்மணி சார் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சார் நோட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெகுநேரம் பார்த்தார்.

"இந்த 98, 99ஆ இருக்கணும்" என்றார்.

"கண்ணால பாத்தது சார்."

"அதான் தப்பா இருக்கு. மத்தது சரியா இருக்கே." பிறகு நோட்டை மூடாமலேயே கேட்டார். "இதைத்தான் அன்னிக்கு ஜன்னல்ல பாத்துக்கிட்டிருந்தியா?"

"ஆமா சார்."

"பதினாறு வருஷமா தொட்டிக் கணக்கு நடத்துறேன். ஒரு தொட்டிய உள்ள எட்டிப் பாத்ததில்ல." எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வா, சூப்பர்வைசர்கிட்ட நானும் வர்றேன்."

அக்டோபர் 18, வெள்ளி

தொட்டியை வடித்தார்கள். என்னையும் ஆன்ஸியையும் மேலே வரவிட்டார்கள். இறங்கிய ஆள் அளவுநாடாவைப் பிடித்துக் கூப்பிட்டார்: "நாப்பத்தொண்ணு."

ஒட்டுக்கு மேலே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. துருவேறி, ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தது. சார் ஏணியில் பாதி இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆன்ஸி என் தோளில் தலையை வைத்துச் சிரித்தாள்.

அக்டோபர் 19, சனி

முதல்வர் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். மெஸ்ஸில் கேசரி. அறிவிப்புப் பலகையில் 'ஏ பிளாக் தொட்டியில் ஏற்பட்ட பழுது சரிசெய்யப்பட்டது' என்று ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கெட் கட்டுப்பாடு போய்விட்டது. மூன்றாம் மாடி அக்காக்கள் என்னை ஐன்ஸ்டைன் என்கிறார்கள்.

கனியக்கா பெயரை யாரும் எடுக்கவில்லை. என் கேசரியை ஆன்ஸியின் தட்டில் வைத்தேன்.

"நாம ஒரு மனு எழுதுவோமா, அவங்களத் திரும்ப எடுக்கச் சொல்லி?" என்று மூன்றாம் மாடியில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி சொன்னாள்: "அவங்களுக்கு இந்நேரம் வேற வேல கெடச்சிருக்கும். திரும்ப எழுதுனா நாம பொய் எழுதுன மாதிரி ஆயிரும்."

பொய்தான் எழுதினோம் என்றேன். எழுதினது நீதானே என்றாள்.

ஆமாம். இதை இங்கே எழுத எனக்கு இருபத்து மூன்று நாள் ஆகியிருக்கிறது. அலட்சியம் என்ற அந்தச் சொல்லைப் போட்டது நான். எண்பத்து நான்கு பேர் இல்லை. நான். எனக்கு அது நல்ல தமிழாகத் தெரிந்தது, அதனால் போட்டேன். ஜன்னலுக்கு மாறியதும், மணிக்கு மணி குறித்ததும் தெரிந்துகொள்ளும் ஆசையால்தான், அது பொய்யில்லை. ஆனால் அது மட்டும் இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

போனேன். உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "அக்கா, அந்த மனுவ எழுதினது நான்."

கனியக்கா சுற்றிக்கொண்டிருந்த பீடியை முடித்து, நூல் கட்டி, முறத்தில் வைத்தார். இன்னொன்றைச் சுற்றினார். அதையும் வைத்தார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு வந்தப்பச் சொல்லலையே" என்றார்.

"பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான் அன்னைக்கு ஆபீஸ்ல பயமா இருந்துச்சு."

பிறகு அவர் கேட்டார்: "ஓட்டை எம்புட்டு இருந்துச்சு?" கட்டைவிரலைக் காட்டினேன். அவர் தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"மன்னிப்பெல்லாம் எங்கிட்டக் கேக்காத. ஆபீஸ்ல வாசிச்சாருல்ல, அதே ஆளு, அதே எடத்துல, இதையும் வாசிக்கட்டும். நானும் வருவேன், இவளும் வருவா. வேல குடுக்குறதும் குடுக்காததும் அவுக பாடு."

அக்டோபர் 23, புதன்

கடிதம் எழுதினேன். நான்கு தடவை கிழித்தேன். இந்தத் தடவை நல்ல சொல் எதுவும் போடவில்லை. எந்த நாள் எத்தனை மணிக்குத் தகடு எங்கே இருந்தது, ஓட்டை எங்கே இருந்தது, சண்முகக்கனி தினமும் தொட்டியை நிறைத்தார், முந்தைய மனுவை எழுதியவள் நான், அதில் எழுதியது தவறு. கீழே என் பெயர். ஆன்ஸி பேனாவை வாங்கி அவள் பெயரையும் போட்டாள். மாலைக்குள் பத்தொன்பது பேர். எண்பத்து நான்கு வரவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டேன். பதினொன்று என்று சொன்னேன். "அதுக்கா பூசைக்கு வரல?" என்றாள். ஆமாம் என்றேன். "கிறுக்கி" என்றாள்.

அக்டோபர் 26, சனி

அலுவலகத்தில் மேனேஜர் வாசித்தார். வேகமாக வாசித்து முடித்துவிடப் பார்த்தார். கனியக்கா, "கொஞ்சம் மெதுவா வாசிங்க சார், பிள்ளைக்குக் கேக்கணும்" என்றார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். என் பெயர் வந்த இடத்தில் நான் தரையைப் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்று போகும்போதே நினைத்துக்கொண்டு போனேன்.

வேலை ஏ பிளாக்கில் இல்லை, பி பிளாக் மோட்டார். தீபாவளி முடிந்து வரச்சொல்லியிருக்கிறார்கள். கனியக்கா சரி என்றார். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 5, செவ்வாய்

இரண்டாம் இன்டர்னல் மார்க் வந்தது. முப்பத்தொன்று. இன்டெக்ரேஷனில் ஒரு குறியைத் தவறவிட்டிருக்கிறேன். எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன்.

கனியக்கா நேற்று வேலைக்கு வந்துவிட்டார். இரண்டு நாளும் எதிரே வந்தேன். தலையைக்கூட அசைக்கவில்லை. அது நியாயம்தான்.

நவம்பர் 8, வெள்ளி

மதிய இடைவேளையில் மெஸ்ஸிலிருந்து வந்துகொண்டிருந்தேன். பி பிளாக் மோட்டார் அறை வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஏ பிள்ள, இங்க வா."

கனியக்கா. அறைக் கதவின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சாக்பீஸால் எழுதியிருந்தது. நான்கு நாள், மணிக்கு ஒரு எண். கோணலான, பெரிய எழுத்து. மகளிடம் கேட்டு எண்களைச் சரிபார்த்துக்கொண்டாராம்.

"நீ பாத்த மாதிரியே நானும் பாத்தேன். ஆனா இது வேற மாதிரி இருக்கு. ஒன்பதுலருந்து பதினொண்ணு வரைக்கும் தகடு அசையல. பொறவு வேகமா ஏறுது. ரெண்டு மணிக்கு நின்னுருது. உன் கணக்குல கொறஞ்சுக்கிட்டேல்ல வந்துச்சு?"

கழித்துப் பார்த்தேன். 0, 0, 9, 15, 6, 0. ஏறி இறங்குகிறது. நான்கு நாளும் அதே போல. எந்த வர்க்கமூலத்திலும் இது வராது. இது ஓட்டை இல்லை. அப்படியானால் ஆள். பதினோரு மணியிலிருந்து இரண்டு மணி வரை பூட்டின கட்டடத்தில் தண்ணீர் எடுக்கும் ஆள் என்றால்...

நோட்டைத் திறந்தேன். பேனாவை எடுத்தேன். "அக்கா, மெஸ்காரங்க பாத்திரம் கழுவுற நேரம் இது. அவங்கதான் இந்த லைன்லருந்து..."

"நீ பாத்தியா?"

"இல்லக்கா. ஆனா நேரம் சரியா..."

"பேனாவ மூடு" என்றார் கனியக்கா. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் நடந்தார். நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தார். "மொதல்ல போய்ப் பாப்போம்."

மூடினேன். அவர் பின்னாலேயே படியேறினேன்.